கோடு விழாத பெயர்கள்

சென்ற மக்களவைத் தேர்தலின்போது, 2024 ஏப்ரல் 19ஆம் தேதி வெள்ளிக்கிழமை காலையில், தென்சென்னையில் நான் வாக்களிக்கும் பள்ளிக்கூடத்தில் கண்ட காட்சி ஒன்று இன்னும் மனத்தைவிட்டு அகலவில்லை. நடுவில் ஒரு வேப்பமரம், அதற்கு இருபுறமும் வகுப்பறைகள் என்று அமைந்த பழைய கட்டடம் அது. கிழக்குப் பக்கத்து அறைகள் எங்கள் தெருவுக்கும் அதை ஒட்டி எழும்பியிருக்கிற அடுக்குமாடி வளாகங்களுக்கும் உரியவை. மேற்குப் பக்கத்து அறைகள் கால்வாய்க்கரைக் குடிசைகளுக்கும் அவற்றின் பின்னால் வாரியம் கட்டிக்கொடுத்த குடியிருப்புக்கும் உரியவை. ஏழரை மணிக்கு நான் போய்ச் சேர்ந்தபோது மேற்கு வரிசை பள்ளியின் வாயிலைத் தாண்டித் தெருவுக்கே வந்துவிட்டிருந்தது. இடுப்பில் குழந்தையும் கையில் பூத் ஸ்லிப்புமாகப் பெண்கள், நேரே வேலைக்குப் போகத் தோதாகச் சாப்பாட்டுத் தூக்கோடு வந்த ஆண்கள், பேத்தியின் தோளைப் பற்றிக்கொண்டு நின்ற கிழவி, இவர்களுக்கிடையில் சண்டையும் சிரிப்பும். கிழக்கு வரிசையில் என்னோடு சேர்த்துப் பதினொரு பேர். அவர்களில் பெரும்பாலோர் காலை நடையை முடித்துவிட்டு அப்படியே வந்த, உத்தியோகத்திலிருந்து ஓய்வுபெற்றவர்கள்.

எங்கள் அறையில் ஒரு கட்சியின் ஏஜென்டாக உட்கார்ந்திருந்தவர் கால்வாய்க்கரையைச் சேர்ந்தவர். எங்கள் பகுதி வீடுகளுக்கெல்லாம் இருபது வருஷமாகக் குழாய் வேலை பார்க்கிறவர். அதிகாரி பெயரையும் வரிசை எண்ணையும் உரக்க வாசிக்க வாசிக்க, இவர் தம் கையிலிருந்த பட்டியலில் ஸ்கேலை வைத்துப் பென்சிலால் ஒரு கோடு இழுப்பார். பிற்பகலில், மாற்று ஏஜென்டை உட்கார்த்திவிட்டுத் தேநீர் குடிக்க வெளியே வந்தவரிடம், எப்படிப் போகிறது என்று கேட்டேன். “அந்தப் பக்கம் உக்காந்தா பேரை வாசிக்கறதுக்கு முன்னாடியே ஆள் தெரியும் சார். யாரு வரலையோ, பையனை அனுப்பிக் கூட்டியாரலாம். இங்க பக்கம் பக்கமா வெள்ளையாவே கெடக்கு. வரமாட்டேங்கறாங்களா, ஆளே இல்லையா, அதுவே தெரியல” என்றார். வாக்குப்பதிவைப் பற்றி அறிஞர்கள் நூறு ஆண்டுகளாக விவாதித்துவரும் வினாக்களில் மிகக் கடினமானதை அந்த மனிதர் தேநீர் ஆறுவதற்குள் கேட்டுவிட்டார் என்பது எனக்குப் பிற்பாடுதான் உறைத்தது.

முதலில் கணக்கைப் பார்ப்போம். அந்தத் தேர்தலில் தமிழ்நாட்டில் பதிவானது 69.72 சதவிகிதம். தர்மபுரித் தொகுதியில் 81.20, வடசென்னையில் 60.11, தென்சென்னையில் 54.17, மத்திய சென்னையில் 53.96. (வாக்குப்பதிவு நடந்த இரவில் மாநிலத்துக்கு 72 என்று அறிவித்து மறுநாள் 69 என்று இறக்கிய கதையும் உண்டு. தேர்தல் இரவின் எண்களை நம்பித் திண்ணையில் வாதாடியவர்கள் மறுநாள் தலையைக் குனிந்துகொள்ள வேண்டியதாயிற்று.) இது ஒரு தேர்தலின் அபூர்வமும் அன்று. 2021 சட்டமன்றத் தேர்தலில் தர்மபுரி மாவட்டத்துப் பாலக்கோடு 87.33 என்று உச்சிக்குப் போக, சென்னையின் வேளச்சேரி 55.95 என்று அடியில் கிடந்தது. 2022 பிப்ரவரியில் நடந்த நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தலில், மாநிலம் முழுவதும் 60 சதவிகிதத்தைத் தாண்டியபோது, சென்னை மாநகராட்சி 43.59 சதவிகிதத்தோடு நின்றுவிட்டது. குப்பையும் சாக்கடையும் தெருவிளக்கும் எந்தத் தேர்தலில் நம் வாசலுக்கு மிக அருகில் வருகின்றனவோ, அந்தத் தேர்தலுக்குத்தான் நகரவாசி மிகத் தொலைவில் நிற்கிறான்.

மேல்நாடுகள் பலவற்றில், குறிப்பாக அமெரிக்காவில், வருமானமும் படிப்பும் ஏற ஏற வாக்குச்சாவடிக்குப் போவோர் தொகையும் ஏறும் என்பது வெகுகாலமாகக் கண்டறியப்பட்ட உண்மை. நம் நகரங்களில் இந்த நியதி பெரும்பாலும் தலைகீழாகிவிடுகிறது. படித்தவனுக்குப் பொறுப்பில்லை, ஏழை பணத்துக்காகப் போகிறான் என்று இதற்கு இரண்டு சமாதானங்களைக் கையில் தயாராக வைத்திருக்கிறோம். இரண்டாவது வாதத்தில் கொஞ்சமும் உண்மையில்லை என்று நான் சொல்லமாட்டேன்; வாக்குக்குப் பணம் கொடுப்பது தமிழ்நாட்டில் யாரும் அறியாத ரகசியமன்று. ஆனால் பணம் வாங்காதவரும், எதிர்க்கட்சியிடம் வாங்கியவரும், கொடுக்க எவருமே வராத தெருவில் இருப்பவரும் அதே வரிசையில் நிற்கிறார்களே, அது எதனால்?

கால்வாய்க்கரையில் குடியிருப்பவருக்கு அரசாங்கம் என்பது தினந்தோறும் சந்திக்க வேண்டிய ஓர் ஆள். தண்ணீர் லாரி வருவதும் வராததும், ரேஷன் அட்டையில் மருமகளின் பெயர் ஏறுவதும் ஏறாததும், குடிசை இடிபடுமா பட்டா கிடைக்குமா என்பதும், அந்த ஆளின் தயவையோ பயத்தையோ பொறுத்தவை. வாக்கு அவருடைய கையிலிருக்கிற ஒரே துருப்புச் சீட்டு. அடுக்குமாடிவாசியோ கிணறு வற்றினால் தனியார் லாரியையும், மின்சாரம் நின்றால் ஜெனரேட்டரையும், பள்ளிக்கூடத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் தம் பணத்தையும் நம்பி வாழ்கிறவர். கவுன்சிலரின் பெயர் தெரியாமலே ஐந்து வருஷம் சௌகரியமாகக் கழித்துவிடக் கூடியவர். இதை அவருடைய சுபாவ தோஷம் என்று கருதுவதைவிட, தேவை இல்லாத இடத்தில் பழக்கம் வேர்பிடிப்பதில்லை என்று கொள்வதே நியாயம்.

தேவையைப் போலவே, ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளும் வாழ்வும் இதில் சேர்கிறது. ஒண்டுக் குடித்தனத்திலும் வாரியக் குடியிருப்பிலும் வாக்களிப்பது தனிமனித காரியமே அன்று. பக்கத்து வீட்டுக்காரி கூப்பிடுவாள். போகாதவளை மாலையில் கேட்பாள். மை வைத்த விரலும் வைக்காத விரலும் பிரத்தியட்சமாகத் தெரியும். எங்கள் வளாகத்தில் அன்று மாலை மின்தூக்கியில் ஏறிய மூவரில் எவர் விரலையும் எவரும் பார்க்கவில்லை. வாக்குக் கேட்டு வந்தவர்களைக் காவலாளி வாயிலிலேயே நிறுத்தி, நோட்டீசை வாங்கித் தபால் பெட்டிகளின்மேல் அடுக்கிவிட்டதால், எங்கள் வேட்பாளர்களில் ஒருவரது முகத்தையும் நாங்கள் நேரில் கண்டதில்லை.

சுற்றியிருப்போரின் இந்தச் செல்வாக்கை எண்ணால் காட்டியவர் ஸ்வீடன் தேசத்து அறிஞர் ஹெர்பர்ட் டிங்ஸ்டென். 1937இல் வெளிவந்த தம் நூலில், ஸ்டாக்ஹோம் நகரத்துத் தொழிலாளர்கள், தொழிலாளர் மிகுந்த பேட்டைகளில் வசிக்கும்போது அதிகமாகவும், மற்ற வர்க்கத்தார் மிகுந்த பேட்டைகளில் வசிக்கும்போது குறைவாகவும் வாக்களிக்கிறார்கள் என்று அவர் எடுத்துக்காட்டினார். தொழில் ஒன்றே, வர்க்கம் ஒன்றே, ஆனால் தெரு மாறினால் பழக்கம் மாறுகிறது. அவருக்கும் முன்னால், 1913இல், பிரான்சின் மேற்குப் பிரதேசத்தை ஆராய்ந்த ஆந்த்ரே ஸீக்ஃப்ரீத் இன்னும் விசித்திரமான ஒன்றைக் கவனித்தார்: கருங்கல் பூமியில் வலதுசாரிகளும், சுண்ணாம்புக்கல் பூமியில் குடியரசுவாதிகளும் வெற்றி பெற்றார்கள். கல்லா வாக்களிக்கிறது என்று நகைத்தவர்கள் உண்டு. அவர் சொன்னது வேறு. கருங்கல் நிலத்தில் எங்கு வேண்டுமானாலும் தண்ணீர் கிடைக்குமாதலால் மக்கள் சிதறித் தனித்தனிப் பண்ணைகளில் வசித்து, நிலப்பிரபுவுக்கும் பாதிரியாருக்கும் அடங்கிப்போனார்கள். சுண்ணாம்பு நிலத்தில் ஊற்றுகள் அரிதாகையால் கிணற்றைச் சுற்றிக் கூட்டமாகக் குடியேறினார்கள், கூடியவர்கள் பேசினார்கள், பேசியவர்கள் எதிர்த்தார்கள். இதை வாசித்தபோது எனக்கு நினைவுக்கு வந்தது கால்வாய்க்கரைத் தெருமுனையில் வரிசையாக வண்ணக் குடங்கள் நிற்கும் தண்ணீர்த் தொட்டிதான். எங்கள் வளாகத்திலோ வீட்டுக்கு வீடு குழாய்.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை அவசியம். 1950இல் டபிள்யூ. எஸ். ராபின்சன் என்ற அமெரிக்கப் பேராசிரியர் ஒரு சிறு கட்டுரையால் சமூகவியலாரைக் கலங்கடித்தார். 1930ஆம் வருஷத்து ஜனத்தொகைக் கணக்கை அவர் எடுத்துக்கொண்டு, வெளிநாட்டில் பிறந்தவர்கள் அதிகமாக உள்ள மாநிலங்களில் எழுத்தறியாமை குறைவாக இருப்பதைக் காட்டினார். அதனால் வெளிநாட்டில் பிறந்தவர்கள் அதிகம் படித்தவர்கள் என்று முடிவுகட்டலாமா? கூடாது, ஆளாளாகப் பார்த்தால் அவர்களிடையேதான் எழுத்தறியாதவர் அதிகம். அவர்கள் குடியேறியது படித்தவர்கள் வாழ்ந்த மாநிலங்களில் என்பதே சூட்சுமம். பேட்டையின் குணத்தை அங்கே இருக்கும் மனிதனின் தலையில் கட்டிவிடும் இந்தப் பிழையைத் தேர்தல் முடிந்த மறுவாரமே நம் பத்திரிகைகளில் நித்தியம் காணலாம். மயிலாப்பூரிலும் ராஜா அண்ணாமலைபுரத்திலும் பங்களா வீதியின் கொல்லைப்புறத்தில் குப்பம் இருக்கும். இரண்டும் ஒரே வாக்குச்சாவடியில் சேர்ந்திருந்தால், அங்கே பதிவான வாக்கு யாருடையது? “செல்வந்தர் பகுதி இந்தக் கட்சியை ஆதரித்தது” என்று எழுதப்படுவது, அந்தச் செல்வந்தர் ஊட்டிக்குப் போயிருக்க, அவருடைய கார் ஓட்டுநரும் சமையற்காரம்மாளும் அளித்த வாக்காக இருப்பதற்கும் இடமுண்டு.

ஊட்டி என்றதும் வேறொரு சமாதானம் ஞாபகம் வருகிறது. வெள்ளிக்கிழமை தேர்தல் வைத்ததால் மூன்று நாள் லீவு சேர்ந்துகொண்டது, ஜனங்கள் ஊருக்குப் போய்விட்டார்கள் என்று 2024இல் பலரும் சொன்னார்கள். ஆனால் 2021இல் தேர்தல் நடந்தது ஏப்ரல் 6, செவ்வாய்க்கிழமை. நோய்க் காலமாகையால் அந்த ஆண்டைத் தராசில் சற்றுத் தள்ளியே நிறுத்த வேண்டும் என்றாலும், வேளச்சேரியை விடுமுறை ஒன்றுதான் கெடுத்தது என்று நம்ப எனக்கு மனம் வரவில்லை.

ஏஜென்டின் கேள்விக்குத் திரும்புவோம்: வரவில்லையா, ஆளே இல்லையா? சதவிகிதம் என்பது பின்னம். மேலே நிற்பது வந்தவர் தொகை. கீழே நிற்பது பட்டியலில் உள்ள பெயர்களின் தொகை. மேலே உள்ளதைப் பற்றித்தான் உபதேசம் செய்கிறோமே தவிர, கீழே உள்ளதை யாரும் ஏறிட்டுப் பார்ப்பதில்லை. நூறு பெயரில் ஐம்பத்துநாலு பேர் வாக்களித்தார்கள் என்றால் 54 சதவிகிதம். அந்த நூறில் இருபத்தைந்து பேர் இறந்தோ வீடு மாறியோ போய்விட்டவர்கள் என்றால், இருக்கிற எழுபத்தைந்தில் ஐம்பத்துநாலு, அதாவது 72 சதவிகிதம். தெருவும் மக்களும் மாறவில்லை. அகௌரவம் மாத்திரம் மறைந்துவிடுகிறது.

இது வெறும் கற்பனைக் கணக்கன்று என்பதைத் தேர்தல் ஆணையத்தின் சிறப்புத் தீவிரத் திருத்தம் காட்டியது. 2025 டிசம்பர் 19 அன்று வெளியான வரைவுப் பட்டியலில் தமிழ்நாட்டின் வாக்காளர் தொகை ஏறக்குறைய 6.41 கோடியிலிருந்து 5.43 கோடியாகச் சுருங்கியது. நீக்கப்பட்ட சுமார் 97 லட்சம் பெயர்களில், இறந்தவர்கள் என்று குறிக்கப்பட்டவை 27 லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. வீடு மாறியவர்கள், தேடியும் கிடைக்காதவர்கள் என்று தள்ளப்பட்டவை 66 லட்சத்துக்கும் அதிகம். சென்னை மாவட்டத்தில் மட்டும் ஏறத்தாழ 40 லட்சத்தில் 14 லட்சத்துக்கு மேல் போயிற்று. மூன்றில் ஒரு பங்குக்கும் கூடுதல். இந்தப் பெயர்கள் அனைத்தும் ஆவிகள் என்று நினைத்துவிடக் கூடாது. உயிரோடு, அதே நகரத்தில் இருந்துகொண்டே, படிவம் கைக்கு வராததாலோ வேறு தெருவுக்குப் போய்விட்டதாலோ நீக்கப்பட்டு, மறுபடியும் விண்ணப்பம் எழுத வேண்டிவந்தவர்களும் அதில் உண்டு. ஆயினும், நகரத்தின் சோம்பல் என்று நாம் இகழ்ந்ததில் ஒரு கணிசமான பாகம் பட்டியலின் சோம்பல் என்பதை இனி மறுப்பதற்கில்லை.

பட்டியல் எங்கே அதிகம் பழுதடைகிறது? வாடகைக்கு இருப்போர் மிகுந்த இடங்களில். பதினொரு மாதத்து ஒப்பந்தம் முடிந்ததும் வேளச்சேரியிலிருந்து மேடவாக்கத்துக்கும், அங்கிருந்து தாம்பரத்துக்கும் போகும் இளம் தம்பதிகள் தங்கள் காஸ் இணைப்பை மாற்றுகிறார்கள், குழந்தையின் பள்ளியை மாற்றுகிறார்கள். வாக்காளர் பட்டியலில் உள்ள பெயர் மட்டும் பழைய வீட்டிலேயே தங்கிவிடுகிறது. பலருடைய பெயர் இன்னும் சொந்த ஊரில். தேர்தலுக்கு முந்தின இரவு கோயம்பேட்டிலும் கிளாம்பாக்கத்திலும் பஸ் ஏறுகிற கூட்டத்தில் ஒரு பகுதி அவர்களுடையது. தர்மபுரியின் 81 சதவிகிதத்துக்குள், பெங்களூரில் கட்டட வேலை செய்துவிட்டு இதற்கென்றே ஊர் திரும்பியவர்களின் வாக்கும் அடங்கியிருக்கிறது. படிப்போ பணமோ அல்ல, ஒருவன் எந்தத் தெருவில் ஸ்திரமாக வேர்விட்டிருக்கிறான் என்பதே வாக்கை நிர்ணயிக்கிறது என்பது என் அபிப்பிராயம். இதற்கு மறுபுறமும் உண்டு. நகரின் நடுவிலிருந்து பெயர்க்கப்பட்டுக் கண்ணகி நகருக்கும் செம்மஞ்சேரிக்கும் பெரும்பாக்கத்துக்கும் அனுப்பப்பட்ட குடும்பங்களில், பழைய பேட்டையிலேயே பெயர் இருந்ததால் தேர்தலன்று பஸ் பிடித்து நெடுந்தூரம் வந்து வாக்களித்துப் போனவர்கள் உண்டு. வீட்டை இழந்த பிறகும், பட்டியலில் தங்கிய ஒரு வரி அவர்களைப் பழைய தெருவுக்கு அழைத்துக்கொண்டிருந்தது.

பட்டியலுக்கும் தெருவுக்கும் உள்ள இந்தப் பிணக்கு முதல் பொதுத்தேர்தலிலேயே தொடங்கிவிட்டது. 1951-52இல் முதல் தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென், வடஇந்திய மாகாணங்களில் தம் சொந்தப் பெயரைச் சொல்ல மறுத்து, “இன்னாரின் மனைவி”, “இன்னாரின் மகள்” என்று மட்டும் எழுதச் சொன்ன பெண்கள் ஏறக்குறைய 28 லட்சம் பேரைப் பட்டியலில் சேர்க்க இயலாமல் விட்டுவிட நேர்ந்தது. 2024இல் நாடு முழுவதும் வாக்களித்த பெண்களின் சதவிகிதம் 65.78, ஆண்களுடையது 65.55. வித்தியாசம் அணுப்பிரமாணமே என்றாலும், அது எந்தத் திசையில் விழுந்திருக்கிறது என்று பாருங்கள்.

தெரு எத்தனை பேரை அனுப்பியது என்பதோடு, யாருக்குப் போட்டது என்பதும் இன்று அனைவருக்கும் தெரிந்துவிடுகிறது. தனிமனிதனின் வாக்கு ரகசியம்தான். வாக்குச்சாவடியின் வாக்கு ரகசியமன்று. ஒரு சாவடிக்கு உச்சவரம்பு 1,500 பேர் என்று இருந்ததை 2025இல் 1,200 ஆக ஆணையம் குறைத்தது. அத்தனை சிறிய கூட்டத்தின் முடிவு, வேட்பாளர் வாரியாக, படிவம் 20இல் அச்சாகி வெளிவருகிறது. சீட்டுகளில் முத்திரை குத்திய காலத்தில், 1961ஆம் வருஷத்துத் தேர்தல் நடத்தை விதிகளின் 59-ஏ பிரிவின்படி, தேவையான தொகுதிகளில் பல பெட்டிகளின் சீட்டுகளை ஒன்றாகக் கலந்து எண்ண முடிந்தது. மின்னணு இயந்திரம் வந்ததும் அந்தத் திரை கிழிந்தது. கிராமங்களில் ஊருக்கு ஒரு சாவடி, காலனிக்கு ஒரு சாவடி என்று அமைந்துவிட்டால், எந்த ஜாதி எந்தப் பக்கம் சாய்ந்தது என்பதை அறிய ஜோசியம் தேவையில்லை. காகிதத்தை விரித்தாலே போதும். வாக்களிக்காத காலனிக்கு ரோடு வராது, குழாய் வராது என்ற அச்சம் இங்கேதான் பிறக்கிறது. பதினான்கு இயந்திரங்கள் வரை ஒன்றாகக் கூட்டிக் காட்டும் ‘டோட்டலைசர்’ என்ற கருவியை 2008இல் ஆணையம் முன்மொழிந்தது. 2015இல் சட்ட ஆணையமும் அதை ஆதரித்தது. மத்திய அரசு இசையவில்லை. கட்சிகளுக்கு இதில் உற்சாகம் இல்லாததில் ஆச்சரியமில்லை. சாவடிவாரிக் கணக்கு இல்லாவிட்டால் அடுத்த தேர்தலில் எந்தத் தெருவுக்கு எவ்வளவு செலவிடுவது என்று எப்படித் தெரியும்?

அதே வெளிச்சத்தை ஆயுதமாக்கிக்கொண்டவர்களும் உண்டு. பரந்தூர் விமான நிலையத் திட்டத்தை எதிர்த்துப் போராடிய ஏகனாபுரம் கிராமத்தார், 2024இல் வாக்குச்சாவடிக்குப் போகாமல் இருந்து, இயந்திரத்தை ஏறக்குறைய வெறுமையாகத் திருப்பி அனுப்பினார்கள். சதவிகித அட்டவணையில் அது அக்கறையின்மையாகத் தெரியும். ஊரே கூடி எடுத்த தீர்மானம் அது.

2025 நவம்பரில் அந்தச் சிறப்புத் தீவிரத் திருத்த வேலைக்காக வாக்குச்சாவடி நிலை அலுவலரான அங்கன்வாடி அம்மாள், கட்டுக் கட்டாகப் படிவங்களோடு எங்கள் வளாகத்துக்கு வந்தார். அவருக்கு வழிகாட்ட, கட்சியின் சார்பில், நம் குழாய்க்காரரும் கூடவே வந்திருந்தார். மூன்றாம் மாடியில் ஒரு வீட்டுக் கதவு வெகுநேரம் தட்டியும் திறக்கவில்லை. நாலு பெயர்கள் அந்த எண்ணில் இருந்தன. “இவங்க இருக்காங்களா, போயிட்டாங்களா?” என்று அந்த அம்மாள் எங்களைக் கேட்டார். எதிர்வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நான் வளாகச் சங்கத்தின் செயலாளரைப் பார்த்தேன். அவர் தம் செல்போனைப் பார்த்தார். பன்னிரண்டு வருஷமாக ஒரே கூரையின்கீழ் இருக்கும் எங்களில் ஒருவருக்கும் விடை தெரியவில்லை.

“பெரியவர் தவறிப்போய் மூணு வருஷம் ஆச்சும்மா” என்றார் குழாய்க்காரர். “அம்மா பொண்ணோட பெங்களூர் போயிட்டாங்க. பையன் மட்டும் இங்கதான் இருக்கான், ராத்திரி ஷிப்ட். பகல்ல தூங்குவான். போன வாரம்தான் கீசர் மாத்திக் குடுத்தேன்.” பிறகு காலணியைக் கழற்றி வைத்துவிட்டு, கதவருகே போய், அந்தப் பையனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்.